சுழலும் மின்காந்தமும் தராசில் குறைந்த 4 கிராமும்

கேள்வி கேட்ட அன்பர் சொன்னதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். 20 செ.மீ. விட்டமுள்ள அலுமினியத் தட்டு ஒன்றில் நான்கு மின்காந்தங்களைப் பொருத்தி, ஸ்லிப் ரிங் (சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் வளையம்) வழியாக 12 வோல்ட் மின்சாரம் கொடுத்து, சிறிய மோட்டாரால் நிமிடத்துக்குச் சுமார் 3000 சுற்று வேகத்தில் சுழற்றியிருக்கிறார். முழு அமைப்பும் 5 கிலோ எலக்ட்ரானிக் தராசின் மேல் நிற்கிறது. நின்ற நிலையில் 2,300 கிராம். மின்சாரம் கொடுத்துச் சுழற்றினால் 4 கிராம் குறைகிறது. எதிர்த்திசையில் சுழற்றினால் 1 கிராம்தான் குறைகிறது. ஃபின்லாந்து விஞ்ஞானி ஒருவர் இதே போன்ற ஒன்றைக் கண்டதாகப் படித்திருப்பதால், ஈர்ப்பு விசை குறைகிறதா என்றும், எட்டு மின்காந்தங்களோடு பெரிய கருவி செய்யலாமா என்றும் கேட்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. திரையில் எண் குறைந்ததற்குக் காரணம் என்ன என்பது ஒன்று. அந்தக் காரணம் ஈர்ப்பாக இருக்க வாய்ப்பு உண்டா என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை தெரியாமல் இரண்டாவதைத் தொட முடியாது. இத்துறையில் முயன்றவர்களில் பலர் இரண்டாவதிலிருந்துதான் தொடங்கியிருக்கிறார்கள்.

என் தகுதியையும் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நான் சார்பியல் கோட்பாட்டில் ஆராய்ச்சி செய்தவன் அல்லன். இயற்பியல் படித்துவிட்டு, எடைக்கருவிகளுக்குக் காலிபரேஷன், அதாவது அளவுச் சரிபார்ப்பு, செய்யும் வேலையில் பல ஆண்டுகளைக் கழித்தவன். ஆகவே தராசு எதை அளக்கிறது, எதற்கெல்லாம் ஏமாறுகிறது என்பதைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். உங்கள் கருவியை நேரில் பார்க்காமல், கீழே சொல்லப்போகும் காரணங்களில் எது எவ்வளவு பங்கு வகிக்கிறது என்று மட்டும் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லலாம்.

தராசு ஈர்ப்பு விசையை அளப்பதில்லை. தன் தட்டின் மேல் கீழ்நோக்கி விழும் மொத்த விசையை அளந்து, அதைக் கிராமாக மாற்றிக் காட்டுகிறது. அந்த விசையில் பூமியின் இழுப்பும் இருக்கும், காற்றின் தள்ளலும் இருக்கும், அருகிலுள்ள இரும்பின் கவர்ச்சியும் இருக்கும். தராசுக்கு இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நகைக்கடைத் தராசைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டி இருப்பதும், மில்லிகிராம் பார்க்கும்போது கதவைச் சாத்தச் சொல்வதும் மின்விசிறிக் காற்றுக்குப் பயந்துதான். உங்கள் அமைப்பிலோ விசிறியே தராசின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

காற்றின் கணக்கைச் சற்று விரிவாகவே பார்ப்போம், ஏனென்றால் என் சந்தேகம் முதலில் அதன் மேல்தான். 10 செ.மீ. ஆரம், நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் தட்டின் விளிம்பு வினாடிக்கு 31 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மணிக்கு 110 கிலோமீட்டருக்கும் மேல். அந்த வேகத்தில் நகரும் காற்றின் இயக்க அழுத்தம் ஏறக்குறைய 590 பாஸ்கல். இனி தட்டின் பரப்பைப் பாருங்கள்: 314 சதுர சென்டிமீட்டர். தட்டின் மேல்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் இடையே ஒரே ஒரு பாஸ்கல் அழுத்த வேறுபாடு இருந்தால் போதும், 3.2 கிராம் எடைக்குச் சமமான விசை வந்துவிடும். ஒரு பாஸ்கல் என்பது வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு. விளிம்பில் 590 பாஸ்கல் அளவுக்குக் காற்றைக் கலக்கிக்கொண்டிருக்கும் ஒரு தட்டின் இரு பக்கங்களும், அதுவும் ஒரு பக்கத்தில் மின்காந்தங்கள் துருத்திக்கொண்டும் மறுபக்கம் வழவழப்பாகவும் இருக்கையில், ஒரு பாஸ்கல்கூட வேறுபடாமல் இருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

திசை மாறினால் அளவு மாறுவதுதான் உங்களை அதிகம் கவர்ந்திருக்கிறது என்று தெரிகிறது. அதை இப்படிப் பிரித்துப் பாருங்கள். ஒரு திசையில் 4, மறுதிசையில் 1 என்றால், திசையைப் பொருட்படுத்தாத பகுதி 2.5 கிராம், திசையோடு சேர்ந்து குறி மாறும் பகுதி 1.5 கிராம். இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. திசையோடு மாறும் பகுதிக்கு மிக எளிய காரணம், தட்டின் மேல் உள்ள திருகுகளும் கம்பி முடிச்சுகளும் சாய்ந்த பட்டைகளும் விசிறி இறக்கைபோல் வேலை செய்வது: ஒரு பக்கம் சுழன்றால் காற்றைக் கீழே தள்ளி அமைப்பைத் தூக்கும், மறுபக்கம் சுழன்றால் மேலே தள்ளி அழுத்தும். கார்பன் பிரஷ் உள்ள சிறிய மோட்டார்களில் பிரஷ்ஷைச் சற்றே முன்தள்ளி வைத்திருப்பது உண்டு. அத்தகைய மோட்டார் இரு திசைகளிலும் ஒரே வேகத்தில் ஓடாது. எனவே இரண்டு திசைகளிலும் சுழல்வேகத்தைத் தனித்தனியே அளந்தீர்களா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். வோல்டேஜ் ஒன்றாக இருந்தது என்பது போதாது.

அடுத்தது காந்தம். இங்கே உண்மையாகவே தூக்கும் விசை ஒன்று இருக்கிறது, அது ஈர்ப்போடு தொடர்பில்லாதது. காந்தம் ஒன்று அலுமினியம், செம்பு போன்ற கடத்தியின் மேல் வேகமாக நகர்ந்தால், கடத்திக்குள் சுழல் மின்னோட்டங்கள் பிறந்து காந்தத்தைப் பின்னுக்கு இழுக்கும். கூடவே மேலே தள்ளவும் செய்யும். சுழலும் செம்புத் தட்டு தன் மேல் தொங்கும் காந்த ஊசியையும் இழுத்துக்கொண்டு சுழல்வதை அராகோ 1824-இல் கண்டார்; ஏன் என்பதை 1831-க்குப் பிறகு ஃபாரடே விளக்கினார். உங்கள் மின்காந்தங்களின் முனைகள் கீழ்நோக்கி இருந்தால், அவை தராசின் ஸ்டீல் தட்டின் மேலும், அதற்குக் கீழே லோட் செல்லாக, அதாவது சுமைக்கேற்ப வளைந்து எடையை உணரும் பாகமாக, இருக்கும் அலுமினியக் கட்டையின் மேலும், மேசையில் உலோகம் இருந்தால் அதன் மேலும் ஓடுகின்றன. ஸ்டீல் தட்டின் மேல் தள்ளினால் கணக்கில் வராது, ஏனென்றால் அந்தத் தட்டும் எடை போடப்படும் பொருளின் பகுதிதான். தராசின் அசையாத பாகத்தையோ மேசையையோ தள்ளினால் அது முழுவதும் எடைக்குறைவாகத் தெரியும். இவ்விசை வேகத்தோடு வளரும், திசையைப் பொருட்படுத்தாது. அந்த 2.5 கிராமில் இதற்கும் பங்கு இருக்கலாம். கருவிக்கு மேலே இரும்புத் தாங்கியோ ரேக்கோ இருந்தால் மின்காந்தம் அதைக் கவர்ந்து எடை குறைந்ததாகவும், மேசைக்குள் இரும்புச் சட்டம் இருந்தால் எடை கூடியதாகவும் காட்டும்.

தராசின் மின்னணுப் பகுதியை மறந்துவிடக் கூடாது. லோட் செல்லின் மேல் ஒட்டியிருக்கும், அதன் வளைவை உணரும் ஸ்ட்ரெயின் கேஜ்கள் தரும் சைகை மிகச் சிறியது. பொதுவான லோட் செல் ஒன்று, 5 வோல்ட் கொடுத்தால், முழுச் சுமைக்கு 10 மில்லிவோல்ட் தரும். 5 கிலோவுக்கு 10 மில்லிவோல்ட் என்றால் 1 கிராமுக்கு 2 மைக்ரோவோல்ட். சில சென்டிமீட்டர் தொலைவில் பிரஷ்களும் ஸ்லிப் ரிங்கும் பொறி பறக்க ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்தக் கம்பிகளில் 8 மைக்ரோவோல்ட் தவறு நுழைவது பெரிய காரியம் அல்ல. தராசுக்குப் பக்கத்தில் வைத்த கைப்பேசிக்கு அழைப்பு வந்ததும் எடை தாண்டிக் குதிப்பதை இத்தொழிலில் உள்ள எல்லாரும் பார்த்திருப்பார்கள். அதிர்வும் இதே போன்றதுதான். 3000 சுற்று என்பது வினாடிக்கு 50; நம் மின்சாரத்தின் அலைவெண்ணும் அதுவே. தராசுக்குள் இருக்கும் வடிகட்டிகள் ஒரு சீரான அதிர்வைச் சராசரியாக்கிப் பூஜ்யமாக்க வேண்டும். ஆனால் லோட் செல்லோ அதன் தாங்கியோ மேலும் கீழும் ஒரே மாதிரி வளையவில்லை என்றால் அந்தச் சராசரி பூஜ்யத்தில் நிற்காமல் ஒரு பக்கமாக நகரும். விலை கூடிய ஆய்வகத் தராசு வாங்கினால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை உள்ளே ஒரு நிலைக்காந்தத்தையும் சுருளையும் வைத்துத்தான் எடையைச் சமன் செய்கின்றன. அவற்றின் மேல் மின்காந்தத்தைச் சுழற்றுவது இன்னும் மோசமான யோசனை.

வெப்பத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சுருள் சூடானால் சுற்றியுள்ள காற்று மேலெழும்பும், அமைப்பு இலேசானதாகத் தெரியும். காற்றைத் தடுக்க 5 லிட்டர் பெட்டியால் மூடி, பெட்டியில் சிறு துளை இருந்து, உள்ளே 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறினால், ஏறக்குறைய அரை கிராம் காற்று வெளியேறியிருக்கும். மெல்ல மெல்லக் குறைந்து, மோட்டாரை நிறுத்திய பிறகும் சற்று நேரம் திரும்பி வராத எடைக்குறைவு என்றால் முதலில் இதையே நினையுங்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி. சுழற்சிக்கும் ஈர்ப்புக்கும் தொடர்பு உண்டா? உண்டு. அதை மறுப்பவர்கள் பொதுச் சார்பியலையே மறுக்கிறார்கள். சுழலும் நிறை தன்னைச் சுற்றியுள்ள காலவெளியையும் சற்றே இழுத்துச் செல்லும் என்று 1918-இல் லென்ஸ், திர்ரிங் இருவரும் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதை அளக்க 2004-இல் கிராவிட்டி புரோப் பி என்ற செயற்கைக்கோள் ஏவப்பட்டது. நியோபியம் பூசிய, 3.8 செ.மீ. விட்டமுள்ள குவார்ட்ஸ் கோளங்கள் அதில் கைரோஸ்கோப்புகளாக, அதாவது சுழன்றபடியே அச்சின் திசையைக் காக்கும் கருவிகளாக, சுழன்றன. 2011-இல் வெளியான முடிவின்படி, பூமி முழுவதும் சுழன்று அந்தக் கோளங்களின் அச்சை ஓர் ஆண்டில் திருப்பிய அளவு 37.2 மில்லி ஆர்க்செகண்ட், பிழை எல்லை 7.2, கோட்பாடு சொன்னது 39.2. ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஓர் ஆர்க்செகண்ட், அதையும் ஆயிரம் பங்காக்க வேண்டும். பூமி செய்வதே இவ்வளவு என்றால், ஒரு கிலோ தட்டு செய்வதை அளக்கும் கருவி எவரிடமும் இல்லை. அதே கோட்பாடு இன்னொன்றும் சொல்கிறது. சுழலும் பொருளில் இயக்க ஆற்றல் சேர்வதால் அதன் எடை கூட வேண்டும், குறையக் கூடாது. உங்கள் தட்டு ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டால் ஆற்றல் சுமார் 250 ஜூல். அதற்கு ஈடான நிறை, ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் ஏறத்தாழ மூன்று பங்கு. உங்கள் 4 கிராம் அதைவிட லட்சம் கோடி மடங்குக்கும் மேல் பெரியது, எதிர்ப்பக்கமும் கூட.

கோட்பாட்டில் இல்லை என்பதற்காகச் சோதனையை ஒதுக்கிவிடக் கூடாது என்று நீங்கள் சொல்லலாம், நியாயம்தான். அதனால்தான் பலர் சோதித்தும் பார்த்தார்கள். மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்த ஃபாரடேயே, ஈர்ப்புக்கும் அப்படி ஓர் உறவு இருக்க வேண்டும் என்று நம்பி 1849-இல் சுருள்களையும் உலோக உருளைகளையும் விழவிட்டும் ஆட்டியும் மின்னோட்டம் பிறக்கிறதா என்று பார்த்தார். அடுத்த ஆண்டு ராயல் சொசைட்டியில் அதை எடுத்துரைத்தபோது, முடிவுகள் எதிர்மறையே, ஆயினும் அப்படி ஓர் உறவு உண்டு என்ற தன் வலுவான உணர்வை அவை அசைக்கவில்லை, நிரூபணமும் தரவில்லை என்று எழுதினார். நம்பிக்கையையும் முடிவையும் ஒன்றோடொன்று கலக்காமல் அடுத்தடுத்து வைத்த அந்த முறைக்காகவே இத்துறையில் இறங்குபவர்கள் அவரைப் படிக்க வேண்டும் என்பேன். 1859-இல், ஈயக் குண்டு வார்ப்பதற்காக லண்டனில் கட்டப்பட்டிருந்த உயரமான கோபுரம் ஒன்றில் மறுபடியும் முயன்றார். அப்போதும் எதுவும் கிட்டவில்லை.

உங்கள் சோதனைக்கு மிக நெருங்கியது ஜப்பானில் நடந்தது. தோஹோகு பல்கலைக்கழகத்தின் ஹயசாகா, தகேயுச்சி இருவரும் சுமார் 140, 175 கிராம் எடையுள்ள கைரோஸ்கோப்புகளை நிமிடத்துக்கு 3000 முதல் 13,000 சுற்று வரை சுழற்றி, மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழலும்போது மட்டும் எடை குறைவதாகவும் இடஞ்சுழியில் மாற்றமே இல்லை என்றும் 1989 டிசம்பரில் வெளியிட்டார்கள். எடை குறைந்த அளவு அதிகபட்சமாகப் பத்துப் பதினொரு மில்லிகிராம். வெளியிட்டது தெருமுனைச் சஞ்சிகை அன்று, இயற்பியலின் முன்னணி இதழான பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ். காற்றைத் தவிர்க்க வெற்றிடக் கலத்தில்தான் செய்திருந்தார்கள். உடனே அமெரிக்காவில் கொலராடோவில் ஃபாலர் குழுவும், பெர்க்லியில் நிட்ஷ்கே, வில்மார்த் இருவரும், பாரிஸுக்கு அருகில் உலகின் மூல கிலோகிராமைக் காத்துவந்த பன்னாட்டு எடையளவு நிலையத்தில் குவின், பிக்கார்டு இருவரும் தனித்தனியே செய்து பார்த்தார்கள். 1990-க்குள் மூன்று இடங்களிலும் ஒரே விடை: எடை மாறவில்லை. முதல் சோதனையில் என்ன பிழை நிகழ்ந்தது என்பது முழுமையாக நிறுவப்படவில்லை. கைரோஸ்கோப்பின் அதிர்வு தராசோடு கலந்திருக்கும் என்பது பலருடைய ஊகம். என் அனுபவத்துக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது, ஆனாலும் ஊகம் ஊகம்தான்.

நீங்கள் படித்த ஃபின்லாந்துக்காரர் உண்மையில் ரஷ்யர், பொட்கிளெட்னோவ். ஃபின்லாந்தின் தம்பெரே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, நியெமினன் என்பவரோடு சேர்ந்து 1992-இல் பிசிகா சி இதழில் எழுதினார். கவனிக்க வேண்டியது, அவருடைய கருவியில் சுழன்றது மின்காந்தம் அன்று. திரவ ஹீலியத்தின் ஆவியில் குளிரூட்டப்பட்ட பீங்கான் மீக்கடத்தித் தட்டு (மிகக் குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருளால் ஆனது) ஒன்றை மின்காந்தங்கள் தாங்கிப் பிடித்துச் சுழற்றின. தட்டுக்கு மேலே தனியே தொங்கவிட்ட, ஐந்தரை கிராமுக்குச் சற்றுக் குறைவான சிலிக்கா மாதிரியின் எடை 0.05 முதல் 0.3 சதவீதம் வரை குறைந்தது என்பதே கூற்று. 1996-இல் 2 சதவீதம் வரை என்று இன்னொரு கட்டுரை ஏற்கப்பட்டது. அச்சாகும் முன்பே செய்தித்தாளில் வெளியாகிப் பரபரப்பு எழ, அவரே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன் பின் நாசாவின் ஹன்ட்ஸ்வில் மையத்தோடு தொடர்புடைய குழு சுழலாத மீக்கடத்தியை வைத்து அளந்து, மாற்றம் இருந்தாலும் பத்துக் கோடியில் இரண்டு பங்குக்கும் குறைவு என்று 1997-இல் எழுதியது. சுழற்சியோடும் உயர் அலைவெண் மின்காந்தப் புலத்தோடும் சேர்த்துக் கனடாவின் ஹாத்தவே குழு செய்து 2003-இல் வெளியிட்ட சோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை. மூலக் கருவியின் எல்லா நிபந்தனைகளும் அப்படியே பின்பற்றப்படவில்லை என்று ஆதரவாளர்கள் சொல்வதுண்டு. அது பொய் அன்று. ஆனால் மற்றவர்கள் செய்து பார்க்கும் அளவுக்கு முழு விவரம் தர வேண்டிய கடமை கண்டவருடையது. மீக்கடத்தியை விட்டுவிட்டு மின்காந்தத்தை மட்டும் சுழற்றும் கருவிக்கு அவருடைய கட்டுரையிலிருந்து எந்த ஆதரவும் கிடையாது என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்.

இன்னும் அண்மைய நிகழ்ச்சி ஒன்று உங்கள் கம்பிகளுக்கு நேரடியாகப் பொருந்தும். எரிபொருளை வெளித்தள்ளாமலே உந்தும் என்று சொல்லப்பட்ட எம்டிரைவ் என்னும் நுண்ணலைக் கலத்தை, டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாஜ்மர் குழு மிக நுட்பமான முறுக்குத் தராசில் வைத்து 2018-இல் சோதித்தது. உந்துவிசை தெரிந்தது. பிறகு கலத்துக்குப் போகும் நுண்ணலை ஆற்றலை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிட்டுப் பார்த்தார்கள். விசை அப்படியே இருந்தது. மின்சாரம் ஓடிய கம்பிகள் பூமியின் காந்தப்புலத்தோடு தள்ளிக்கொண்டதே காரணமாக இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். அரை மீட்டர் கம்பியில் 2 ஆம்பியர் ஓடினால் பூமியின் புலத்தில் அதன் மேல் விழும் விசை நான்கு மில்லிகிராம் அளவு. உங்கள் தராசில் அது தெரியாது. ஹயசாகாவின் தராசில் அது பெரிய எண்.

இவற்றிலிருந்து எதை உறுதி என்று சொல்லலாம்? அறை வெப்பநிலையில் சுழலும் பொருளின் எடை, நம்பத்தக்க தராசுகள் காட்டிய எல்லைக்குள் மாறுவதில்லை. கருவி நுட்பமானதாக ஆக ஆக இந்த விளைவு சிறுத்துக்கொண்டே வந்து மறைந்திருக்கிறது. உண்மையான விளைவு அப்படி நடந்துகொள்ளாது, துலக்கமாகிக்கொண்டே வரும். இதற்கு நேர் சான்றாக இல்லாத ஒன்றையும் சொல்கிறேன். மைக்ரோஸ்கோப் என்ற பிரெஞ்சு செயற்கைக்கோள், பிளாட்டினமும் டைட்டானியமும் ஒரே முடுக்கத்தோடு விழுகின்றனவா என்பதை ஆயிரம் லட்சம் கோடியில் சில பங்கு நுட்பத்தில் சோதித்து, வேறுபாடு இல்லை என்று 2022-இல் இறுதி முடிவு தந்தது. அது பொருள் மாறினால் ஈர்ப்பு மாறுமா என்பதற்கான விடை. சுழற்சியையோ காந்தத்தையோ பற்றியது அன்று, ஆகவே அதை உங்களுக்கு எதிராக வீசுவது முறையாகாது. அதேபோல், நம் அனல்மின் நிலையங்களில் பல பத்து டன் எடையுள்ள ரோட்டர்கள் 3000 சுற்றில் சுழலும் மின்காந்தங்கள்தாம். உங்கள் விகிதத்தில் குறைந்தால் 50 டன் ரோட்டர் ஒன்று 80 கிலோவுக்கு மேல் இழக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அங்கே பேரிங்கின் மேல் விழும் சுமையை அந்த நுட்பத்தில் யாரும் எடை போடுவதில்லை என்பதால் இதையும் நான் சான்றாக வைக்க மாட்டேன்.

செய்ய வேண்டிய சோதனைகளுக்குப் பெரிய செலவில்லை. முதலில் மின்காந்தங்களுக்கு மின்சாரமே கொடுக்காமல் அதே வேகத்தில் சுழற்றுங்கள். 4 கிராமில் பெரும்பகுதி அப்படியே இருக்கும் என்பது என் எதிர்பார்ப்பு. இருந்தால் மின்காந்தத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அன்றே தெரிந்துவிடும். அடுத்து முழு அமைப்பையும், பேட்டரி உட்பட, இறுக்கமாக மூடிய பெட்டிக்குள் வைத்து ரிமோட்டில் இயக்குங்கள். காற்று உள்ளேயே சுற்றினால் அதன் தள்ளலும் பெட்டியின் சுவரிலேயே விழுந்து சமனாகிவிடும், வெளிக் கம்பிகளின் இழுப்பும் போய்விடும். பெட்டிக்கும் தராசுக்கும் நடுவே அரை மீட்டர் உயர மரத் தாங்கி ஒன்றை வையுங்கள். காந்தத்தால் வரும் விசை தொலைவோடு மிக வேகமாகக் குறையும். ஈர்ப்பு உண்மையிலேயே குறைந்திருந்தால் அரை மீட்டர் உயரம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. பெட்டி இல்லாத நிலையில் அமைப்பைத் தலைகீழாகக் கவிழ்த்தும் பாருங்கள்: விசிறித் தள்ளலாக இருந்தால் எடைக்குறைவு எடைக்கூடுதலாக மாறும். சுழல் மின்னோட்டத் தள்ளல் கவிழ்த்தாலும் குறி மாறாது என்பதால், இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

எனக்கு மிகப் பிடித்த சோதனை இரட்டை இழைச் சுருள். கம்பியை நடுவில் மடித்து, இரு இழைகளையும் சேர்த்தே அதே இரும்புக் கருவின் மேல் அதே எண்ணிக்கையில் சுற்றுங்கள். மின்னோட்டம் ஓர் இழையில் போய் மற்றதில் திரும்புவதால் காந்தப்புலம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எடை, வடிவம், காற்று, வெப்பம், பொறி எல்லாம் பழையபடி இருக்கும். காந்தம் மட்டும் இருக்காது. எந்தச் சுருள் பொருத்தப்பட்டிருக்கிறது என்பது எண்ணைக் குறிப்பவருக்குத் தெரியாமல் வீட்டில் வேறொருவர் மாற்றி மாற்றிப் பொருத்தட்டும். ஒவ்வொரு முறையும் சுழற்சிக்கு முன், சுழற்சியின்போது, நின்ற பின் என மூன்று எண்களையும், சுழல்வேகத்தையும், சுருளின் சூட்டையும் எழுதிவையுங்கள். நினைத்ததற்கு மாறாக வந்த எண்களையும் சேர்த்து.

எட்டு மின்காந்தக் கருவியைப் பொறுத்தவரை, இவை முடியும்வரை வேண்டாம் என்பது என் கருத்து. பணம் மட்டும் காரணம் அன்று. அச்சிலிருந்து 8 செ.மீ. தள்ளி, 200 கிராம் எடையுள்ள மின்காந்தம் ஒன்று 3000 சுற்றில் வெளிநோக்கி இழுக்கும் விசை ஏறக்குறைய 160 கிலோ எடைக்குச் சமம். வேகத்தை இரட்டிப்பாக்கினால் நான்கு மடங்கு, 640 கிலோ. நீங்கள் பசையும் கேபிள் டையும் கொண்டு கட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று கழன்றால் வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் இரும்புத் துண்டு பறக்கும், மீதி மூன்றும் சமநிலை இழந்து மேசையையே உதறும். இப்போதுள்ள நான்கையும் தட்டில் துளையிட்டு, போல்ட்டும் லாக் நட்டும் போட்டு இறுக்குங்கள். தட்டு சுழலும் மட்டத்தில் சுற்றிலும் தடித்த பிளைவுட் தடுப்பு வையுங்கள். அந்த மட்டத்தில் முகத்தை வைத்துத் தராசின் திரையைப் படிக்காமல், கைப்பேசிக் கேமராவைத் தள்ளி நிறுத்தி அதன் வழியாகப் படியுங்கள். மின்சாரமில்லாச் சுழற்சியின் எண் என்ன வந்தது என்பதை இங்கேயே எழுதினால், அதற்கடுத்து எந்தச் சோதனை என்பதைச் சேர்ந்தே முடிவு செய்யலாம்.